ஐம்பது ஓம்

1

இந்த நாட்டுக்கு நான் வந்து இந்த மாதத்தோடு பத்து வருடம் ஆகிறது. அதை ஞாபகம் வைத்திருந்தது நானும் குடிவரவு அலுவலகமும் மட்டும்தான். பத்து வருடம் ஒழுங்காக இருந்தவர்கள், இனி நிரந்தரமாக இருக்க விடும்படி கேட்கலாம் என்று ஒரு படிவம் இருக்கிறது. விரல் மொத்தத்துக்கு இருக்கும். இந்த ஆண்டு பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை முழுக்கக் குசினி மேசையில் உட்கார்ந்து அதை நிரப்பி, முன்கூட்டியே அனுப்பிவைத்தேன்.

நிரப்பாமல் விட்டது ஒரே ஒரு கட்டம். உடன்பிறந்தவர்களின் பெயரும் அவர்களது தற்போதைய முகவரியும் கேட்டிருந்தார்கள். தம்பியின் பெயரை எழுதினேன். முகவரியை எழுதவில்லை. மூன்று வாரத்தில் படிவம் திரும்பி வந்தது. வெற்றிடத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள்.

நேரில் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் நல்லவள்தான். "தெரியாது என்று எழுதலாமா?" என்று கேட்டேன்.

"தெரியாது என்பது முகவரி ஆகாதே," என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கடைசியாகத் தெரிந்த முகவரியை எழுதுங்களேன்," என்றாள்.

கடைசியாகத் தெரிந்த முகவரி கண்டக்குழிக் கடற்கரையில் ஒரு வாடி. மீன்பிடிக் காலத்துக்கு மட்டும் போடுகிற ஓலைக் குடில். அதற்குக் கதவும் இல்லை, இலக்கமும் இல்லை. எழுதினால் இன்னொரு பென்சில் வட்டம் வரும். படிவத்தைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அப்போது தம்பி காணாமல் போய் ஐந்து மாதம்.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். தம்பியை இங்கே ஈசன் என்று எழுதுகிறேன். அது அவனுடைய பெயர் அல்ல. அப்பாவின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். ஏன் என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

2

இலங்கையின் மேற்குக் கரையில், உடப்பில் கரைவலை இழுத்தவரின் மகள் நான். இங்கே, வடக்கு இங்கிலாந்தில் மழை ஓயாத ஒரு நகரத்தின் பல்கலைக்கழகத்தில், உலோகத்தின் மேல்தோலில் ஓடும் அலையைக் கணினிக்குள் ஓடவிட்டுப் பார்ப்பது என் வேலை. முதல் தடவை இதைத் தொலைபேசியில் சொன்னபோது ஈசன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"கடல் அலைய உட்டுட்டு இரும்புல அலை பாக்கவா அக்கா அவ்வளவு தூரம் போனீங்க?"

கேட்டால் நியாயம்தான். ஆனால் இந்த அலை கண்ணுக்குத் தெரியாது, காதுக்கும் கேட்காது. விமான எஞ்சினுக்குள் சுழலுகிற தட்டு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் மேலே தலைமயிரைவிட மெல்லிய வெடிப்பு விழுந்தாலும் ஆபத்து. அதைக் கண்டுபிடிக்க, மனிதக் காது பிடிக்காத ஒலியை அந்தத் தட்டின் மேற்பரப்பில் அனுப்புவார்கள். அது ஆழத்துக்கு இறங்காமல் தோலோடு தோலாக ஓடும். வழியில் வெடிப்பு இருந்தால் ஒரு பங்கு திரும்பி வரும்.

இவ்வளவுதான் என்றால் எனக்கு வேலை இருந்திராது. உலோகம் ஒரே துண்டு அல்ல என்பதுதான் சிக்கல். புத்தளத்துக் கல்லுப்புக் கட்டியை உடைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சின்னச் சின்னப் பளிங்குகள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி ஒட்டிக்கொண்டிருக்கும். உலோகமும் அப்படித்தான். அந்தத் துணுக்குகளை மணி என்போம். எல்லா மணியும் ஒரே உலோகம், பார்க்கிற திசைதான் வேறு. திசை மாறுவதால் ஒரு மணியிலிருந்து அடுத்ததற்குத் தாண்டும் இடத்தில் அலையின் வேகம் கொஞ்சம் மாறுகிறது. மாறுகிற இடத்திலெல்லாம் கொஞ்சம் சிதறுகிறது. இப்படி ஆயிரக்கணக்கான மணிகளிலிருந்து சிதறியதெல்லாம் சேர்ந்து ஓர் இரைச்சலாகத் திரும்பி வரும். வெடிப்பின் எதிரொலி அதற்குள் ஒளிந்துகொள்ளும். அல்லது வெடிப்பே இல்லாத இடத்தில் இரைச்சல் வெடிப்பு மாதிரி வேஷம் போடும்.

இதைப் படிக்க நூற்றுக்கணக்கான தட்டுகளை அறுத்துப் பார்க்க முடியாது. அதனால் நான் கணினிக்குள் பொய் உலோகம் செய்கிறேன். எண்களைக் குலுக்கிப் போட்டு மணிகளை அடுக்குவேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு திசை கொடுப்பேன். பிறகு அலையை அனுப்பிவிட்டு, அனுப்பிய இடத்திலேயே காத்திருந்து திரும்பி வருவதைப் பதிவேன். ஓர் உலோகத்துக்கு ஓர் ஓட்டம். ஓர் ஓட்டம் முடியப் பன்னிரண்டு மணித்தியாலம் எடுக்கும். அலை ஓடும் உண்மையான நேரம் கண் இமைப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

என் அறைக் கதவில் 'கலாநிதி காத்தமுத்து' என்று எழுதியிருக்கிறது. கலாநிதி என் முனைவர் பட்டம், காத்தமுத்து அப்பாவின் பெயர். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் வேறு எதை எழுதுவது? எங்களுக்கு ஏது குடும்பப் பெயர். அப்பா மூன்றாம் வகுப்போடு வலைக்குப் போனவர், இறந்து பதினைந்து வருடம். இங்கே அவருக்கு வாரம் தவறாமல் கடிதம் வருகிறது. கூட்டங்களில் அவருடைய கருத்தைக் கேட்கிறார்கள். பத்து வருடமாக என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் மிகக் கொஞ்சம்.

3

கொலின் எங்கள் ஆய்வுகூடத்தில் அளவெடுப்பவர். நான் பொய் உலோகத்தில் பார்ப்பதை அவர் உண்மை உலோகத்தில் பார்ப்பார். இரண்டும் ஒத்துப்போனால்தான் என் வேலைக்கு மதிப்பு. நான் வந்த முதல் வாரம், ஒரு கம்பியைத் தூக்கிக் காட்டி, "ஐம்பதா?" என்று கேட்டார். ஆங்கிலத்தில் ஆம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது, "ஓம்."

"ஐம்பது ஓம். நல்லது," என்று கம்பியைச் சொருகிவிட்டுப் போனார்.

மின்தடையை அளக்கும் அலகுக்குப் பெயர் ஓம். அந்தக் கம்பியும் உண்மையாகவே ஐம்பது ஓம் கம்பிதான். அதனால் என் வாய் தவறியது யாருக்கும் தெரியவில்லை. அலகைச் சொல்லாமல் எண்ணைச் சொன்னால் எனக்குப் பிடிக்காது என்று கொலின் கொஞ்ச நாள் நினைத்திருந்தாராம். உண்மையைச் சொன்னபோது மேசையில் தட்டிச் சிரித்தார். அதற்குப் பிறகு நான் எதற்குத் தலையாட்டினாலும், "ஐம்பதா?" என்பார்.

இந்தக் கதையை ஈசனுக்குச் சொன்னதுதான் பிழை. பிடித்துக்கொண்டான். அம்மாவுக்கு மருந்து வாங்கினாயா என்றால், "ஐம்பது ஓம் அக்கா." கோயில் கொடியேற்றத்துக்கு ஊரில் நிற்பாயா என்றால், "ஐம்பது ஓம்." அவன் பேச்சுக்கு அம்மா பின்னாலிருந்து ஏசுவது தொலைபேசியில் கேட்கும்.

உடப்பில் வளர்ந்தவர்களுக்கு ஆமாம் சொல்ல இரண்டு சொல் உண்டு. வீட்டில் ஓம். சிலாபத்துச் சந்தையில், சிங்களத்தில், ஒவ். உதடு முழுக்க ஒட்டினால் ஓம், ஒட்டாமல் நின்றுவிட்டால் ஒவ். ஈசன் சிங்களம் பேசினால் சிலாபத்துச் சிங்களவன் என்றுதான் யாரும் சொல்வார்கள். நான் பத்து வருடம் இங்கே இருந்தும் ஆங்கிலம் அப்படி வராது.

என் மகள் மதுராவுக்கு ஒன்பது வயது. போன வருடம் ஒருநாள் பாடசாலையில் யோகா வகுப்பு வைத்திருக்கிறார்கள். வந்து சொன்னாள், பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமாக:

"அம்மா, டீச்சர் ஒண்டுமே கேக்கல்ல. எல்லாரும் கண்ண மூடிக்கொண்டு ஓம் ஓம் எண்டு சொல்லிக்கொண்டே இருந்தாங்க. எதுக்கு ஓம் எண்டாங்க?"

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஆனால் அந்த வாரமே அவளுடைய சிநேகிதி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தபோது மதுரா என்னோடு ஓம் என்று பேசியதைக் கேட்டுவிட்டு, அந்தப் பிள்ளை யோகா மாதிரிக் கைகளை மடித்துக் கண்ணை மூடிக் காட்டினாள். அன்றோடு மதுரா ஓம் சொல்வதை விட்டுவிட்டாள். யெஸ் என்பாள், அல்லது தலையை ஆட்டுவாள். நான் வற்புறுத்தவில்லை. அந்த வயதில் கேலி எப்படிக் குத்தும் என்று தெரியும்.

4

வாடைக் காலத்தில் எங்கள் பக்கக் கடல் அடங்கும். அப்போது சிலாபத்திலிருந்தும் உடப்பிலிருந்தும் படகுகள் கற்பிட்டிப் பக்கம் போய், கண்டக்குழியில் வாடி போட்டு மீன் பிடிக்கும். ஈசன் கிறிஸ்டி ஐயாவின் படகில் போனான். கிறிஸ்டி ஐயா சிலாபத்துச் சிங்களவர், படகுச் சொந்தக்காரர், எங்கள் தமிழை எங்களைப் போலவே பேசுவார். படகில் ஆறு பேர். ஐந்து பேர் சிலாபம், ஈசன் மட்டும் உடப்பு.

காலம் தொடங்கிய முதல் மாதமே, வீட்டைப் பார்த்துவிட்டு வருவோம் என்று ஆறு பேரும் மீன் லொறியில் புறப்பட்டார்கள். ஐந்து பேர்தான் வீடு வந்து சேர்ந்தார்கள். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் ஈசனை இறக்கி எடுத்தார்கள் என்று மட்டும் அம்மாவுக்குத் தெரியவந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

"ஆறு பேரக் கூட்டிக்கொண்டு போனவன் அஞ்சு பேரோட வந்து நிக்கிறான்," என்று அம்மா தொலைபேசியில் சொன்னார். "காட்டிக் குடுத்துட்டான் புள்ள. அவன்ட முகத்தில இனி முழிக்க மாட்டன்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஐந்து பேர் ஓர் ஆளை விட்டுவிட்டு வந்தால் வேறென்ன நினைப்பது?

போர் வடக்கில் நடக்கிறது, உங்கள் பக்கம் அமைதிதானே என்று இங்குள்ள நம்மவர்களே கேட்பார்கள். ஓம், எங்கள் பக்கம் குண்டு விழவில்லை. ஆனால் இருபத்தேழு வயதுத் தமிழன் பொலிஸ் கடிதம் இல்லாமல் சந்தைக்குப் போய்வர முடியாது. காணாமல் போனவன் திரும்புவான் என்று எந்த நிச்சயமும் கிடையாது. எங்கள் ஒழுங்கையிலேயே, நாலு வீடு தள்ளி, ஒரு தாய் ஒன்பது வருடமாகக் காத்திருக்கிறார்.

தடுத்து வைக்கப்பட்டவர்களின் பட்டியல்களைப் பார்த்துச் சொல்லும் ஓர் அலுவலகம் இருந்தது. எழுதினேன். ஆறு வாரத்தில் பதில்: கா. ஈசன் என்ற பெயரில் எவரும் எங்கள் பட்டியல்களில் இல்லை. வயதைச் சேர்த்து எழுதினேன். அதே பதில். இடது முழங்கையில் தூண்டில் கிழித்த தழும்பைச் சேர்த்து எழுதினேன். அதே பதில், திகதி மட்டும் வேறு. பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் தொலைபேசியில் கேட்டேன். எதிர்முனையில் இருந்தவருக்கு என் குரல் பழகிவிட்டது. நான் பெயரைச் சொல்லத் தொடங்கும்போதே தாள் புரட்டும் சத்தம் கேட்கும். "மிஸ், அந்தப் பெயர் இல்லை."

விடாமல் கேட்பதுதான் நான் அவனுக்குச் செய்யக்கூடியது என்று நம்பினேன். சொல்லப்போனால் அதில் கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன். வெளிநாட்டுக்குப் போய் மறந்துவிட்டாள் என்று யாரும் சொல்ல முடியாதே.

இதற்கிடையில்தான் அந்தப் படிவமும் பென்சில் வட்டமும்.

5

ஏழாவது மாதம். அறுபது பொய் உலோகங்களில் அறுபது ஓட்டம் முடித்திருந்தேன். எதிலும் வெடிப்பு வைக்கவில்லை. வெறும் மணிகளின் இரைச்சல் சராசரியாக எவ்வளவு இருக்கும் என்று அறிவதுதான் நோக்கம். எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் மேடுபள்ளம் தணிந்து ஓரளவு சமமாக வரவேண்டும்.

வரவில்லை. ஒரே இடத்தில் ஒரு மேடு நின்றது. முப்பது ஓட்டத்தின் சராசரியிலும் நின்றது, அறுபதிலும் நின்றது. வெடிப்பே இல்லாத உலோகத்தில் வெடிப்பு மாதிரி ஓர் எதிரொலி. புதிதாக ஏதோ பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். படத்தை எடுத்துக்கொண்டு கொலினிடம் போனேன்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

"இது அறுபது உலோகமா, ஒரே உலோகத்தை அறுபது தடவை கேட்டதா?"

"அறுபது உலோகம்," என்றேன், கொஞ்சம் கோபமாகவே.

"போய் ஒருமுறை பார்த்துவிட்டு வா."

போய்ப் பார்த்தேன். மணிகளை அடுக்க எண்களைக் குலுக்குகிறேன் என்று சொன்னேன் அல்லவா? அந்தக் குலுக்கலுக்குத் தொடக்க எண் ஒன்று கொடுக்கவேண்டும். தொடக்க எண் அதேதான் என்றால் குலுக்கலும் அச்சு மாறாமல் அதேதான். நிரலைச் சரிபார்த்த நாட்களில் வசதிக்காக ஓர் எண்ணை நிலையாக வைத்திருந்தேன். எடுத்துவிட மறந்துபோனேன். கணினி பேசாமல் ஒரே உலோகத்தை அறுபது தடவை செய்திருக்கிறது. உண்மைக் கருவி மாதிரி இருக்கட்டும் என்று ஒவ்வோர் ஓட்டத்திலும் கொஞ்சம் மின் இரைச்சலைச் சேர்த்திருந்தேன். அது ஒவ்வொரு தடவையும் மாறியதால், அறுபதும் வேறு வேறு மாதிரிக் கண்ணை ஏமாற்றிவிட்டன. முப்பது நாள் வேலை வீண்.

வெட்கத்தோடு திரும்பிப் போய்ச் சொன்னேன். கொலின் கேலி செய்யவில்லை. கையில் இருந்த உணர்கருவியை ஓர் இரும்புத் துண்டின்மேல் வைத்துக் காட்டினார்.

"கருவியின் இரைச்சல் என்றால் நின்ற இடத்திலேயே நின்று திரும்பத் திரும்பக் கேட்கலாம். தேய்ந்து போகும். மணியின் இரைச்சல் அப்படி இல்லை. அது உலோகம் சொல்கிற பதில். இங்கேயே வைத்து ஆயிரம் தடவை கேட்டாலும் அதையேதான் சொல்லும்." கருவியைத் தூக்கிக் கொஞ்சம் தள்ளி வைத்தார். "தூக்கி வேறு இடத்தில் வைக்கவேண்டும்."

அன்று திங்கட்கிழமை. காலையில்தான் "மிஸ், அந்தப் பெயர் இல்லை" என்று கேட்டுவிட்டு வந்திருந்தேன்.

அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். ஏழு மாதமாக ஒரே இடத்தில் நின்று, ஒரே ஆளிடம், ஒரே பெயரைக் கேட்டிருக்கிறேன். வயதையும் தழும்பையும் சேர்த்தது, நான் சேர்த்த மின் இரைச்சல் மாதிரி. கேள்வி மாறியதுபோல் தெரிந்தது, மாறவில்லை. வேறு யாரிடம் கேட்டிருக்கவேண்டும் என்று ஒரு தாளில் எழுதப் பார்த்தேன். ஒரே ஒரு பெயர்தான் வந்தது. அவனைக் கடைசியாகக் கண்ட மனிதர். அவரிடம் நான் கேட்காமல் இருந்ததற்குத் தூரம் காரணமில்லை, இலக்கமும் தெரியும். என் கோபம்தான் காரணம்.

6

"தங்கச்சியா?" என்றார் கிறிஸ்டி ஐயா. அன்றே அவரைத் தொலைபேசியில் அழைத்திருந்தேன். 

"ஐயா, ஈசன் எங்க?"

"அவன் இருக்கிற இடம் எனக்குத் தெரியும் மகள். முதல் கிழமையே தெரியும்." ஓர் ஊரின் பெயரைச் சொன்னார். "அடுத்த நாளே பின்னால போனன். உள்ள விட மாட்டம், சொந்தக்காரர்ட கையெழுத்தோட வா எண்டாங்க. அம்மாட்ட நாலு தரம் வந்தன். என்னக் கண்டா கதவச் சாத்துறா. நான் வெளிய நிண்டு கத்தவா? ஒழுங்கையில ஆர் ஆர் நிப்பாங்க எண்டு தெரியாது. உங்கட நம்பரும் என்னட்ட இல்ல."

"பட்டியல்ல அவன்ட பேர் இல்ல எண்டாங்களே."

"என்ன பேர் சொல்லிக் கேட்டீங்க?"

சொன்னேன்.

"அங்க புத்தகத்தில காத்தமுத்து எண்டுதான் எழுதிக் கிடக்கு. கட்டம் சின்னன். கார்டுல முன்னுக்கு இருந்த பேர எழுதிட்டு உட்டுட்டான்."

கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் அடையாள அட்டையில் அப்பாவின் பெயர்தான் முன்னால் வரும். நாங்கள் எழுதும்போது அந்தப் பெயரை ஓர் எழுத்தாக்கிப் புள்ளி வைத்துவிடுவோம். நானும் ஒவ்வொரு கடிதத்திலும் 'கா.' என்று எழுதிப் புள்ளி வைத்தேன். தம்பி இருந்த இடத்துக்கு வழி அந்தப் புள்ளிக்குள் கிடந்தது. ஊரில் இருப்பவர்களுக்கு அது தோன்றாமல் போகலாம். பத்து வருடமாகக் காத்தமுத்து என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறவள் நான். தினமும் அந்தப் பெயர் எழுதிய கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய் உட்கார்ந்துதான் அந்தக் கடிதங்களை எழுதினேன்.

"நான் காட்டிக் குடுக்கல்ல தங்கச்சி," என்றார் அவர், நான் கேட்காமலே. "எல்லாரும் என்ட ஆக்கள், சிலாபம் எண்டு சொல்லித்தான் எப்பவும் தாண்டுறது. அண்டைக்கும் ஆமிக்காரன் விட்டுட்டான். விடிய வெள்ளன, எல்லாரும் ஐஸ் பெட்டியில சாஞ்சு நித்திரை. போகச் சொல்லிட்டுச் சும்மா எட்டிப் பாத்துக் கேட்டான், எல்லாரும் சிலாபமா எண்டு, சிங்களத்தில. தம்பி கண்ணே முழிக்கல்ல. ஓம் எண்டான்."



"அந்த ஒரு சொல்லுதான்," என்றார். "நல்லாச் சிங்களம் கதைக்கிற புள்ள."

அம்மாவை உடனே அழைத்துச் சொன்னேன். அம்மா அழவில்லை. "நாளைக்கு வரச் சொல்லு," என்றார். அடுத்த நாள் என்ன நடந்தது என்று கேட்டதற்குக் கிடைத்த பதில் இவ்வளவுதான்: "வந்தாரு. கதிரை போட்டன். ரெண்டு பேரும் ஒண்டும் கதைக்கல்ல. தாளில கையெழுத்து வச்சன்."

அம்மாமேல் எனக்குக் கோபம் வரவில்லை. அம்மா சாத்தியது கதவைத்தான். நான் தொலைபேசியைக் கையில் எடுக்கவே இல்லை. ஏழு மாதத்தை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது?

7

காத்தமுத்து என்ற பெயரில் கேட்டபோது, அதே அலுவலகத்தில் அதே மனிதர், "இருக்கிறார், மிஸ்," என்றார். அதற்குப் பிறகும் இரண்டு மாதம் பிடித்தது. சட்டத்தரணி, கிராம சேவகரின் கடிதம், கோயில் கடிதம், கிறிஸ்டி ஐயாவின் சத்தியக் கடதாசி. ஒரு புதன்கிழமை விட்டார்கள். கிறிஸ்டி ஐயா போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். இந்தத் தடவை பஸ்ஸில் வந்தார்கள்.

"நல்லாத்தான் இருக்கிறான்," என்றார் அம்மா. "கதை மட்டும் குறைஞ்சு போச்சு."

உலோகங்களையும் புதிதாகச் செய்தேன். ஒவ்வொன்றுக்கும் வேறு தொடக்க எண். இந்தத் தடவை அந்த மேடு கரைந்துபோனது. ஐம்பதாவது ஓட்டத்துக்குப் பிறகு கோடு கிட்டத்தட்டச் சமமாக வந்தது. கொலின் பார்த்துவிட்டு, "ஐம்பதா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்குக் காரணம் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் ஈசன் தொலைபேசிக்கு வந்தான்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டன்."

"அம்மா பக்கத்தில நிக்கிறாவா?"

"நிக்கிறா."

"நித்திரை வருதா?"

"வரும்."

குரல் அவனுடையதுதான். அடி உதை பட்டாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டாலும் தொலைபேசியில் சொல்லமாட்டான். ஏதாவது பேசவேண்டுமே என்று, முட்டாள்தனமாக, பழைய ஞாபகத்தில் கேட்டுவிட்டேன். "ஐம்பதா?"



"அத உடுங்க அக்கா," என்றான்.

அதன்பிறகு நான் கவனிக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு ஞாயிறும் அழைப்பேன். வலை முடிகிறாயா? முடியிறன். மழையா? பெய்யுது. கிறிஸ்டி ஐயா வந்தாரா? வந்தாரு. அந்த ஒரு சொல் வராது. அம்மா அதைக் கவனிக்கவில்லை. ஊரில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். திரும்பி வரும் ஒலியில் இல்லாததைத் தேடுவது என் தொழில் என்பதால் எனக்குக் கேட்டது. என் ஒவ்வொரு கேள்விக்கும் அவன் சுற்றிப்போகும் சத்தம் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. கேள்வியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். பிறகு நிறுத்திக்கொண்டேன். நான் பழையபடி ஒரே இடத்தில் நின்று கேட்கிறேன் என்று புரிந்தது.

படிவத்தை நேற்று மறுபடி அனுப்பினேன். அந்தக் கட்டத்தில் எங்கள் வீட்டு முகவரியை எழுதினேன். 

இன்று ஞாயிறு. நான் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கை எல்லாம் செதில். அம்மாவின் அழைப்பு வந்ததும் மதுராவைத் தொலைபேசியை எடுக்கச் சொன்னேன். ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு மேசையில் வைத்தாள். அவளுக்கு நடந்தது எதுவும் தெரியாது. மாமா தூரத்தில் எங்கோ வேலைக்குப் போயிருந்தார் என்று மட்டும் சொல்லியிருந்தேன். எதிர்முனையில் ஈசன் இருந்தான்.

மதுரா தமிழில் ஒரு வசனத்தை மனதுக்குள் கூட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. அவள் அப்படி முயன்று நான் பார்த்து மாதங்கள் ஆகிவிட்டன.

"மாமா," என்றாள். "நீங்க இப்ப... வீட்டையா இருக்கிறீங்க?"

 தொடர்பு அறுந்துவிட்டதோ என்று மதுரா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் குழாயை மூடினேன்.

"ஓம் மகள்," என்றான் ஈசன்.